குன்னூரில் ஒரு சீட்டாட்டப் படம் எடுக்க நினைப்பவருக்கு

கேள்வி அனுப்பியவர் கோத்தகிரிக்காரர். இரண்டு குறும்படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்திருக்கிறார். கையில் இருப்பது சின்னத் தொகை. சீட்டில் கைதேர்ந்த ஒரு முதியவர் ஒரு பையனுக்குப் போக்கர் கற்றுத் தருகிறார். ஒரு கட்டத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டி வருகிறது. இதுதான் கதை. போக்கர் நம் ஊர்ப் பார்வையாளருக்குப் புரியுமா, முழுக்க நீலகிரியிலேயே எடுத்துவிட முடியுமா, சட்டச் சிக்கல் வருமா, கடைசி ஆட்டத்தை எப்படி முடிப்பது என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் குன்னூரில் படப்பிடிப்புக் குழுக்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்துப் பிழைப்பவன். அதற்கு முன்னால், வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுக்க முடியாத அளவுக்குச் சீட்டாடியவன். இந்த இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் முதியவர். கோவாவில் மிதக்கும் காசினோக்களில் பத்து வருடம் ஆடிவிட்டு மலைக்குத் திரும்பியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பின்கதையைத் தூக்கிப் போடுங்கள். மாண்டவி ஆற்றையும் கப்பலையும் காட்டுவதற்குப் பணம் வேண்டும். காட்டாமல் வசனத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் நம்பப் போவதில்லை. அதைவிட நல்ல ஆள் உங்கள் காலடியிலேயே இருக்கிறார்.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. கணினி வருவதற்கு முன்னால் அது ஒரு கூடம். தரகர் லாட் எண்ணை, அதாவது விற்பனைக்கு வந்த தேயிலைத் தொகுதியின் எண்ணைப் படிப்பார். எதிரே வரிசையாக வாங்குபவர்கள். விற்பனைக்கு வந்த தூளை எல்லோரும் முன்பே ருசி பார்த்திருப்பார்கள். வெள்ளைக் கிண்ணம், ஒரு கரண்டி; சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டுக் குறிப்பேட்டில் ஒரு வரி. எந்தத் தூள் நல்ல தூள் என்பது அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரர் எந்த விலைவரை வருவார் என்பதுதான் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை கண்களும். அங்கே உட்கார்ந்து பழகிய ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது: விலை ஏற ஏற ஒருவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பாராம். திருகல் நின்றால் அவர் விலகிவிட்டார் என்று அர்த்தம். அவர் கடைசிவரை வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று சொன்னதே இல்லையாம். வேண்டாத லாட்டுக்கு ஆசைப்படுவதுபோல் பாவ்லா காட்டி, எதிராளியின் பணத்தை அதில் முடக்கிவிட்டு, வேண்டிய லாட் வரும்போது போட்டியில்லாமல் எடுப்பவர்களும் இருந்தார்களாம்.

2000-களில் ஏலம் மின்னணு முறைக்கு மாறியது. இப்போது திரையில் எண் மட்டும்தான் வருகிறது. பேனா மூடியைத் திருகுவதை யாரும் பார்ப்பதில்லை. முப்பது வருடம் முகம் படித்துச் சம்பாதித்த ஒருவருக்கு, படிக்க முகமே இல்லாமல் போய்விட்டது. உங்கள் குரு அவர்தான். அவருக்குப் போக்கர் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நம் ஊர் மூன்று சீட்டு தெரிந்தால் போதும்.

இப்போது பையன். அவன் போக்கரைக் கைப்பேசியில் கற்றவன். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடியிருக்கிறான். எதிராளியின் கண்ணை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கணக்கு மனப்பாடம். எந்தச் சீட்டு வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அவனை மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் சம்பவத்தை நீங்கள் தனியாகக் கற்பனை செய்ய வேண்டாம். நாட்டு நடப்பே செய்து கொடுத்திருக்கிறது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த சட்டம் அது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடக் கூடாது என்று மாநில விதி வந்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்துவிட்டது. உங்கள் பையனின் செயலி ஒரு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. கையில் வித்தை இருக்கிறது, களம் இல்லை. முதியவருக்கும் அதே கதிதான். இரண்டு பேருடைய கூடத்தையும் வெவ்வேறு காலத்தில் யாரோ பூட்டிவிட்டார்கள். முதல் காட்சியில் இருவரையும் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார வைத்து வர்க்கி தின்னவிட்டால் போதும், படம் தொடங்கிவிடும்.

இப்படிச் செய்தால் உங்கள் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. போக்கர் விதிகளைப் பையன் முதியவருக்குச் சொல்லித் தருவான். அவரோடு சேர்ந்து தியேட்டரில் இருப்பவரும் கற்றுக்கொள்வார். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை சீட்டு விழும்போதும் பணம் கட்டலாம், ஏற்றலாம், கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ரம்மியும் மூன்று சீட்டும் அறிந்த மக்களுக்கு இது கடினமே இல்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுவார்கள். அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள், உங்கள் படத்தின் முதல் சண்டை அங்கே இருக்கிறது. மூன்று சீட்டில் தொடர் வரிசை பெரியது, ஒரே இனம் அதற்குக் கீழே. அதாவது 5, 6, 7 வைத்திருப்பவர், மூன்றும் ஸ்பேடாக வைத்திருப்பவரை வெல்வார். போக்கரில் தலைகீழ். ஐந்து சீட்டும் ஒரே இனம் என்றால் அது தொடர் வரிசையை அடித்துவிடும். இது யாரோ மனம்போனபடி வைத்த விதி என்று நினைக்காதீர்கள். மூன்று சீட்டில் மொத்தம் 22,100 சேர்க்கைகள்; வெறும் தொடர் வரிசை 720 விதத்தில் வரும், வெறும் ஒரே இனம் 1,096 விதத்தில் வரும். தொடர்தான் அரிது. ஐந்து சீட்டில் மொத்தம் 25,98,960 சேர்க்கைகள். தொடர் 10,200, ஒரே இனம் 5,108. அரிதாக இருப்பது இப்போது இனம். சீட்டின் எண்ணிக்கை மாறினால் மரியாதையும் இடம் மாறிவிடுகிறது.

காட்சியை யோசித்துப் பாருங்கள். முதியவர் முதல் முறையாக நல்ல கை பிடித்திருக்கிறார். தொடர் வரிசையை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், விளிம்பு ஒட்டி அடுக்கி வைக்கிறார். நடுவில் கிடப்பதை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுக்கிறார். பையன் அவர் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்துகிறான். “ஐயா, என்னிடம் ஐந்தும் கிளாவர்.” “இருக்கட்டும். வரிசைக்கு அப்புறம்தானே இனம்?” “இதில் அப்படி இல்லை.” அறுபது வருடப் பழக்கத்தை இருபது வயதுப் பையன் ஒரு வாக்கியத்தில் பொய்யாக்குகிறான். அவர் கை பின்வாங்குவதற்கு மூன்று விநாடி ஆக வேண்டும். அந்த மூன்று விநாடிகளில் அவர் முகத்தில் வருவதை ஒரு நல்ல நடிகர் காட்டிவிட்டால், பிற்பாதியில் வரும் பகைக்கு நீங்கள் வேறு காரணம் எழுத வேண்டியதில்லை. துரோகம், திருட்டு, மகள் காதல் என்று உங்கள் சுருக்கத்தில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. மூன்றும் வேண்டாம்.

புலிக்கு எல்லா வித்தையும் சொல்லிக்கொடுத்த பூனை, மரம் ஏறுவதை மட்டும் மறைத்து வைத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். உங்கள் கதையில் இரண்டு பேருமே பூனை, இரண்டு பேருமே புலி. பையன் கணக்கில் ஒரு பகுதியைச் சொல்லாமல் வைத்திருக்கிறான். முதியவர் அவனுடைய எந்த அசைவைப் பார்த்து அவனைத் தோற்கடிக்கிறார் என்பதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார். ‘உன்னிடம் ஒன்று இருக்கிறது, அது என்ன என்று மட்டும் சொல்ல மாட்டேன்’ என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லட்டும். பையனுக்குத் தூக்கம் போய்விடும். கண்ணாடி முன் உட்கார்ந்து தன் முகத்தைத் தானே உளவு பார்ப்பான். இதற்குச் செலவு ஒரு கண்ணாடி.

பணத்தைப் பற்றி ஒரு பிடிவாதமான கருத்து எனக்கு உண்டு. பெட்டி பெட்டியாகப் பணம் வைத்து ஆடும் படத்தில் பார்ப்பவனுக்கு எதுவும் வலிக்காது. ஒரு கோடி போனால் போகிறது, நம் பணமா? ஒரு சிறு விவசாயி பச்சைத் தேயிலை போட்டதற்கு வாங்கி வந்த மாதக் காசு, மகளின் விடுதிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்தது, அதில் ஐந்தாயிரம் நடுவில் கிடந்தால் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வில்லைகளும் வாங்காதீர்கள். சந்தையில் காய்ந்த பீன்ஸ் விதை வாங்குங்கள். வெள்ளை விதை பத்து ரூபாய், சிவப்பு ஐம்பது. மரப்பலகையில் விதை விழும் சத்தம் பிளாஸ்டிக்கைவிடக் காதுக்கு நன்றாக இருக்கும். ஆட்டம் முடிந்து முதியவரின் மனைவி வந்து, ஒன்றும் பேசாமல் விதைகளைக் கூட்டி அள்ளிக் கொதிக்கும் குழம்பில் போடுகிற காட்சியை உங்களுக்கு இனாமாகத் தருகிறேன். யார் ஜெயித்தார்கள் என்ற கணக்கும் அதோடு வெந்துவிடும்.

சட்டம் பற்றி: சூதாட்டத்தைக் கதையாகக் காட்டுவது குற்றமில்லை. நிஜ வாழ்க்கையில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. பணம் பிடித்து ஆட்டம் நடத்தும் இடம் வைப்பதும் அங்கே போய் ஆடுவதும் அதன்படி குற்றம். ஆகவே உங்கள் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவார்கள், கார் வெளிச்சம் ஜன்னலில் அடித்தால் சீட்டு மேசைக்குக் கீழே போகும். அந்தப் பயத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தணிக்கையில் 2024 நவம்பர் முதல் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிந்திருக்கிறது. உங்களுக்கு அவற்றில் ஒன்று கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வேண்டுகோள்: சீட்டு மேசையில் சிகரெட் வேண்டாம். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. புகை வந்தாலே திரையின் அடியில் எச்சரிக்கை வரி வந்துவிடும். முகத்தை மட்டுமே நம்பி எடுக்கும் படத்தில் பார்ப்பவரின் கண் அந்த வரிக்குப் போனால் முடிந்தது.

இனி மலை. எல்லோரும் வந்து முதலில் கேட்பது கேத்தி ரயில் நிலையம். 1982-ல் ‘மூன்றாம் பிறை’யின் இறுதிக் காட்சி அங்கே எடுக்கப்பட்டதிலிருந்து அந்த நடைமேடைக்கு ஓய்வே இல்லை. ரயில்வே அனுமதி தனி, கட்டணம் தனி. உங்கள் கதைக்கு ரயில் எதற்கு? வனப்பகுதிக்கும் ஆசைப்படாதீர்கள், அங்கே அனுமதி வாங்குவதற்குள் உங்கள் நடிகருக்குத் தாடி நரைத்துவிடும். ஒரு பழைய தகரக் கூரை வீடு, ஒரு தேநீர்க் கடை, ஒரு இலை எடை போடும் கொட்டகை, நடுவில் நடக்க ஒரு தேயிலைத் தோட்டப் பாதை. இவ்வளவுதான் உங்கள் படம். உள்ளூர் உரிமையாளரோடு பேசி முடிக்கக்கூடியவை இவை. மாலையில் பாதையில் எடுப்பதாக இருந்தால் காட்டெருமை வரும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சென்னையிலிருந்து வரும் ஒளிப்பதிவாளருக்குச் சொல்லிவையுங்கள். அவர்கள் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் வைக்கிறார்கள். அதனால் ஏப்ரல், மே மாதங்களை மறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வந்தால் அபராதம் கட்டுவார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மாதம் எது என்பது பெரிய கேள்வி. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் பாதை அடைபடும். தகரக் கூரையில் மழை விழும்போது எடுத்த வசனத்தில் பாதி எழுத்து உங்களுக்கே கேட்காது. சீட்டாட்டப் படத்தில் மௌனம்தான் முக்கால்வாசி. அந்த மௌனத்தில் கூரை தடதடத்தால் டப்பிங்கில் காப்பாற்ற முடியாது. ஜனவரி, பிப்ரவரி நல்லது. வானம் தெளிந்திருக்கும், அறைவாடகை குறைவு, குளிரில் நடிகர்கள் கையை அக்குளில் வைத்துக்கொள்வது இயல்பாகவே வரும். வாயிலிருந்து வரும் ஆவியைக் கவனியுங்கள். ஒரு முகத்தில் மூச்சு நிற்பதை நேராகக் காட்ட அதைவிடச் சுலபமான வழி இல்லை.

மூடுபனியிடம் நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு குழுவுக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் இரண்டு பேர் பேசும் காட்சி. முதலாமவரின் பக்கம் காலையில் எடுத்தார்கள். ஜன்னலில் பச்சைத் தோட்டம், தூரத்தில் மலை முகடு. சாப்பிட்டுவிட்டு வந்து அடுத்தவரின் பக்கம் எடுக்கும்போது ஜன்னல் முழுக்க வெள்ளை. வெட்டி ஒட்டிப் பார்த்தால் ஒருவர் குன்னூரிலும் மற்றவர் சொர்க்கத்திலும் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. மூன்று நாள் காத்திருந்து பணம் தீர்ந்தது. ஆகவே மேசையை ஜன்னலிலிருந்து விலக்கிப் போடுங்கள். சன்னமான துணித் திரை ஒன்று தொங்கவிட்டால் வெளியே பச்சையோ வெள்ளையோ, உள்ளே ஒரே வெளிச்சம்.

சீட்டுக்கட்டு பற்றி யாரும் யோசிப்பதில்லை. மலை ஈரத்தில் காகிதச் சீட்டு இரண்டே நாளில் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டும், சரியாகச் சறுக்காது. எங்கள் காலத்தில் கேரம் பவுடர் தூவி ஆடினோம். முழு பிளாஸ்டிக் சீட்டு விளக்கில் பளபளக்கும், எண் தெரியாது. காகிதம்தான் வேண்டும், ஆனால் ஒரே அச்சில் வந்த எட்டுப் பத்துக் கட்டுகளாக வாங்கி, அரிசிப் பானைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் எந்தச் சீட்டு எந்த வரிசையில் விழ வேண்டும் என்று முன்கூட்டியே அடுக்கி, உறையில் போட்டு, மேலே காட்சி எண் எழுதி வைக்க ஒரு உதவியாளர் தனியாக வேண்டும். இதைச் செய்யாமல் படப்பிடிப்பில் போய்க் கட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தால், ஒரே ராணி இரண்டு பேர் கையிலும் இருக்கும். பார்ப்பவர்களில் ஒருவராவது அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசி ஆட்டம். 1965-ல் வந்த ‘தி சின்சினாட்டி கிட்’ என்ற அமெரிக்கப் படம் கிட்டத்தட்ட உங்கள் கதைதான். இளைஞனாக ஸ்டீவ் மெக்குயின், முதியவராக எட்வர்ட் ஜி. ராபின்சன். முடிவில் இளைஞனிடம் மூன்று ஏஸ், இரண்டு பத்து. முதியவரிடம் டைமண்டில் ஐந்து தொடர் சீட்டு. இப்படி இரண்டு பெரிய கைகள் ஒரே ஆட்டத்தில், அதுவும் இரண்டே பேர் ஆடும்போது மோதுவது எவ்வளவு அரிது என்று சீட்டு தெரிந்தவர்கள் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். நடிப்பு அருமைதான். ஆனாலும் அங்கே முதியவரை ஜெயிக்க வைத்தது எழுத்தாளரின் கை. உங்கள் பட்ஜெட்டில் அப்படி ஒரு இடி விழுந்தால் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

என் யோசனை இது. நடுவில் மூன்று சீட்டு: ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் 7, கிளாவர் 2. பையனிடம் ஹார்ட்டின் ஜாக்கியும் பத்தும். இன்னொரு ஹார்ட்டின் விழுந்தால் இனம் சேர்ந்துவிடும். மீதி ஹார்ட்டின் ஒன்பது. பார்க்காத சீட்டு 47. இன்னும் இரண்டு சீட்டு வர இருப்பதால் வாய்ப்பு ஏறக்குறைய 35 சதவீதம். ஒன்பதை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள், கிட்டத்தில் வரும். ஒரு சீட்டுதான் பாக்கி என்றால் இரண்டால் பெருக்கினால் போதும். இந்தக் கணக்கை முன்பே ஒரு பாடமாகக் காட்டியிருப்பீர்கள், அதனால் இப்போது யாரும் விளக்க வேண்டாம். முதியவரிடம் இன்னொரு ராஜா. அதாவது ஒரு ஜோடி, இப்போதைக்கு அவர் கைதான் மேல். நான்காவது சீட்டு ஸ்பேட். ஐந்தாவது டைமண்ட். பையனிடம் ஒன்றுமே இல்லை. கணக்கு அவனைக் கைவிட்டுவிட்டது.

இப்போது அவன் எல்லா விதைகளையும் நடுவே தள்ளுகிறான். முழுப் பொய். அவர் சொல்லிக்கொடுத்த பொய். அவர் அவனையே பார்க்கிறார். அவன் மூச்சு ஆவி சீராக வந்துகொண்டிருக்கிறது. இத்தனை நாள் அவனைக் காட்டிக்கொடுத்த அந்த அசைவு இன்று இல்லை, அல்லது இருந்தும் நமக்குத் தெரியவில்லை. முதியவர் தன் ராஜாவைப் பார்க்கிறார். நாமும் பார்க்கிறோம். பையன் பார்க்கவில்லை. சீட்டைக் கவிழ்த்து, கட்டின் நடுவில் செருகிவிட்டு, “நல்லா ஆடினே” என்கிறார்.

அவர் ஏமாந்தாரா, விட்டுக்கொடுத்தாரா? பையன் கேட்கவே முடியாது. கேட்டால் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்களும் நடிகரிடம் எது உண்மை என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு விதமாகவும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒளிப்பதிவாளர் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள், ஒரே விதமாக எடுங்கள், பிறகு பேனா மூடியைத் திருகும் கையை மட்டும் ஒரு அண்மைக் காட்சியாகத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் தொடங்குவதாக இருந்தால் நவம்பர் முதல் வாரத்துக்குள் தெரிவியுங்கள். கோத்தகிரி சாலையில் தகரக் கூரையும் மரப்பலகைத் தரையுமாக ஒரு வீடு இருக்கிறது. உரிமையாளர் அம்மாவுக்கு ஒரே நிபந்தனைதான்: வீட்டுக்குள் பணம் வைத்துச் சீட்டாடக் கூடாது. பீன்ஸ் விதை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.